உருவா, மூட்டையா? டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டத்தில் மந்திர வகுப்புகள் பிரிந்த வரலாறு

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டத்தின் மந்திர முறை ஜாக் வான்ஸின் ‘தி டையிங் எர்த்’ (1950) நூலிலிருந்து வந்தது என்பது ஐயத்துக்கு இடமில்லாத செய்தியாகவே வழங்கிவருகிறது. மந்திரத்தை ஏட்டிலிருந்து உருப்போட வேண்டும். உச்சரித்ததும் அது மனத்தைவிட்டு அழிந்துபோகும். மறுபடி உருப்போட்டால்தான் உண்டு. இதற்கு ‘வான்சிய முறை’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆட்டத்தின் இரு ஆசிரியர்களுள் ஒருவரான கேரி கைகாக்ஸ், 1976 ஏப்ரலில் ஸ்ட்ரடீஜிக் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையில், தொடக்கம் முதலே வான்சைத்தான் அடிப்படையாகக் கொண்டதாகக் கூறினார். ஆக்கியவரே சொல்லிவிட்டார் என்பதால் பின்வந்தோர் அதை அப்படியே வழிமொழிந்தனர். கைகாக்ஸின் கூற்று 1976ஆம் ஆண்டின் ஆட்டத்துக்குப் பொருந்தும். 1974ஆம் ஆண்டின் மூலநூலுக்கு அதை ஏற்றிச் சொல்வது பிழை என்பதே என் கருத்து.

முதலில் முன்னுரையைப் பார்ப்போம். 1974இல் வெளிவந்த மூன்று சிறுநூல்களுள் முதலாவதான ‘மென் அண்டு மேஜிக்’ நூலின் முன்னுரை 1973 நவம்பர் 1 எனத் தேதியிடப்பட்டது. எழுதியவர் கைகாக்ஸ். இந்த ஆட்டம் யாருக்குப் பிடிக்கும் என்று சொல்லவரும் அவர் பர்ரோஸ், ஹோவர்ட், டி கேம்ப்–பிராட் இணையர், ஃபிரிட்ஸ் லைபர் ஆகியோரைப் பெயர் சுட்டுகிறார். வான்ஸ் அப்பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததை வைத்து மட்டும் முடிவுகட்ட முடியாதுதான். ஆனால் மந்திர முறை முழுவதையும் ஒருவரிடமிருந்து எடுத்தவர், அவரை விட்டுவிட்டு ஐவரை நினைவுகூர்வது இயல்பான செயலாகத் தோன்றவில்லை.

அடுத்து விதியின் வாசகம். ஒரு நிலையில் எத்தனை மந்திரங்களைப் பயன்படுத்தலாம் என்று அந்த நூல் ஓர் அட்டவணை தருகிறது. அதை விளக்கும் வரியில், ஒரு பயணத்தின்போது நினைவில் வைத்திருப்பவை என்ற பொருளில் ஓர் அடைப்புக்குறி வருகிறது. ஒருமுறை பயன்படுத்தியதை அதே நாளில் மீண்டும் பயன்படுத்தலாகாது என்று அடுத்த வரி தடுக்கிறது. அந்தப் பகுதியில் மறதி என்ற பேச்சே இல்லை. நினைவு ஓர் அடைப்புக்குறிக்குள் ஒதுங்கி நிற்க, தடை நாளோடு கட்டப்பட்டிருக்கிறது.

இன்னொரு வாசகம் இதைவிட முக்கியமானது. மந்திர நூல்களைப் பற்றிய பத்தி, மந்திரத்தைக் கையாளும் பாத்திரங்கள் அனைவரும் நிலைக்கு ஒன்றாக நூல்களை வைத்திருப்பதாகக் கொள்கிறது. மேஜிக்-யூசர் என்ற வகுப்பை மட்டும் அது பிரித்துச் சொல்லவில்லை. அப்படியானால் இறைவனிடம் அருள்பெற்று மந்திரம் செய்பவராக நாம் அறிந்த கிளெரிக்கும் 1974இல் ஏடு வைத்திருந்தவரே. இரு வகுப்புகளுக்கும் பட்டியல் வேறு, அட்டவணை வேறு, ஏந்தும் ஆயுதம் வேறு. இயங்கும் முறை ஒன்றே. மேஜிக்-யூசருக்கு ஆறு நிலை, கிளெரிக்குக்கு ஐந்து நிலை. கிளெரிக்குக்கு முதற்படியில் மந்திரமே கிடையாது. வேறுபாடு அவ்வளவுதான்.

மறதி தெளிவாக அச்சேறுவது 1975 கோடைகால ஸ்ட்ரடீஜிக் ரிவ்யூவின் கேள்வி–பதில் பகுதியில். அந்தப் பதிலை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதன் வினைச்சொற்களில்தான் கண் நிற்கிறது. ஒருவர் ஒரே உறக்க மந்திரத்தை மூன்று படியாக எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் ஒருமுறைக்கே பயன்படும் என்கிறது முற்பகுதி. அங்கே வரும் வினை, படைவீரன் அம்பும் கேடயமும் தரித்துக் கிளம்புவதைச் சொல்லும் வினை. பிற்பகுதியில்தான் உருப்போடுதலும், சொன்னதும் நினைவு அழிதலும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. சுருளில் எழுதிய மந்திரம் படிக்கப் படிக்க மறைவது அதற்கு ஒப்புமையாகிறது. மூட்டை கட்டும் வினையும் மனம் பற்றிய விளக்கமும் ஒரே பதிலில் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னது பழைய அடுக்கு, பின்னது அதன்மேல் பூசிய விளக்கம் என்றே நான் கொள்கிறேன்.

பழைய அடுக்கு எங்கிருந்து வந்தது? மற்றோர் ஆசிரியரான டேவ் ஆர்னசன் 1977இல் ஜட்ஜஸ் கில்டு வெளியிட்ட ‘தி ஃபர்ஸ்ட் ஃபேண்டஸி கேம்பெய்ன்’ நூலில் தம் பிளாக்மூர் ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறார். அங்கே மந்திரத்துக்கு வேண்டிய பொருள்களை முன்கூட்டியே தயாரித்து எடுத்துச்செல்ல வேண்டும். பயன்படுத்தியபின் அவை வலுவிழந்துபோகும். நிலவறைக்குள் கொண்டுபோகும் மந்திரங்களுக்கு அளவு வைத்ததன் காரணமும் அதுவே. கட்டுச்சோற்று மூட்டை போன்ற ஏற்பாடு இது: உண்டால் தீர்ந்தது. 1975 பதிலின் முற்பகுதிக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

இங்கே ஒரு தடை உண்டு. ஆர்னசனின் விளக்கமும் அச்சில் பிந்தியது. கைகாக்ஸின் கட்டுரைக்கு அடுத்த ஆண்டினது. இரண்டுமே பின்னோக்கிச் சொன்ன சாட்சியங்கள் என்பதால், எது முந்தியது என்பதை அச்சு ஆண்டை வைத்துத் தீர்க்க இயலாது. 1975இன் ‘கிரேஹாக்’ துணைநூலில் வரும் நிறப்பிரிகைச் சுவர் மந்திரத்தில் வான்ஸின் சாயல் உண்டு. 1976இன் ‘எல்ட்ரிச் விசார்ட்ரி’யில் வரும் வெக்னா என்ற பெயர் வான்ஸ் பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றியடுக்கியது. ஆனால் இத்தடயங்கள் 1975 முதலே குவிகின்றன. அது என் வாதத்துக்கே துணையாகிறது.

பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1977இன் அடிப்படைத் தொகுப்பைப் பதிப்பித்த எரிக் ஹோம்ஸ் புள்ளிக்கணக்கில் இயங்கும் மந்திர முறையைக் கேட்டார், கைகாக்ஸ் மறுத்துவிட்டார். முறை ஒன்றாக இருந்தவரை வகுப்புகளுக்குள் பிளவு பெரிதில்லை. 1974இல் சார்சரர், வார்லாக் என்பவை மேஜிக்-யூசர் ஏறும் ஏணியின் ஒன்பதாம், எட்டாம் படிகளுக்கான பட்டங்கள் மட்டுமே. படிகள் பின்னாளில் உடன்பிறப்புகளாயின. 2000இன் மூன்றாம் பதிப்பில் சார்சரர் தனி வகுப்பாகி, ஏடும் உருவும் இல்லாமல் மந்திரம் செய்தார். இருபதாம் படியில், மேஜிக்-யூசரின் வழிவந்த விசார்டுக்கு ஒவ்வொரு நிலைக்கும் நாள்தோறும் நான்கு மந்திரங்கள், சார்சரருக்கு ஆறு. ஆனால் அவர் அறிந்தவை, சிறு மந்திரங்கள் நீங்கலாக, மொத்தம் 34 மட்டுமே. வார்லாக் 2004இல் தனி வகுப்பாயிற்று. அதன் மந்திரங்களுக்கு நாள் கணக்கே இல்லை.

2014இன் ஐந்தாம் பதிப்பில் விசார்டும் தாம் ஆயத்தம் செய்த மந்திரத்தை, அன்றைய எண்ணிக்கை தீரும்வரை, மீண்டும் மீண்டும் செய்யலாம். சொன்னதும் மறப்பது போய்விட்டது. அப்பதிப்பில் பார்டு, கிளெரிக், ட்ரூயிட், சார்சரர், விசார்ட் ஆகிய ஐந்து வகுப்புகளுக்கும் நாளொன்றுக்கான மந்திர எண்ணிக்கை ஒன்றே.