மின்கலவடுக்கும் பாய்க்கப்பலும்: 1968ஆம் ஆண்டுப் போட்டி பற்றிய ஒரு நோக்கு

பாய்விரித்தோடும் கலத்திற்குக் காற்றொன்றே போதும் என்று கருதுவோர் பலர். இருபதாம் நூற்றாண்டின் நடுக்கூற்றில் கட்டப்பட்ட சிறு பாய்க்கப்பல்கள் பலவற்றிற்கு இக்கருத்துப் பொருந்தாது. துறைமுகத்துட் புகவும் காற்றற்ற வேளையில் நகரவும் அவற்றிலே டீசல் எந்திரம் இருந்தது. எந்திரத்தைக் கிளப்ப மின்கலவடுக்கு வேண்டும். மின்கலவடுக்கை மின்னேற்ற மீண்டும் எந்திரம் வேண்டும். ஒன்று ஓய்ந்தால் மற்றதும் ஓயும். 1968-69இல் நடைபெற்ற தனியர் உலகச் சுற்றோட்டப் போட்டியைப் பற்றி எழுதியோர் புயலையும் தனிமையையும் விரித்துரைத்துள்ளனர். அப்போட்டியில் மின்சாரம் வகித்த பங்கு அவ்வளவாக நோக்கப்படவில்லை என்பது என் கருத்து.

ஈயத்தகடுகளையும் கந்தகவமிலத்தையும் கொண்டு மீளமீள மின்னேற்றத்தக்க கலத்தை 1859இல் அமைத்தவர் பிரான்சியரான பிளாந்தே. மோட்டார் வண்டியைக் கையாற் சுழற்றிக் கிளப்பும் வழக்கத்தை மாற்றிய மின்கிளப்பி 1912ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டியிற் பொருத்தப்பட்டது. வண்டிக்கு வந்தது பின்னர் படகுக்கும் வந்தது. ஆயின் படகின் தேவை வேறு. டீசல் எந்திரத்திலே தீப்பொறி இல்லை. காற்றை இறுக்கி அதன் வெப்பத்தால் எரிபொருளைப் பற்றவைக்க வேண்டும். அவ்விறுக்கத்தை எதிர்த்து எந்திரத்தைச் சுழற்றச் சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டம் தேவை. விளக்கும் வானொலியும் அதற்கு மாறாக, சிறிய மின்னோட்டத்தை நெடுநேரம் உறிஞ்சுவன. முன்னதற்கு மெல்லிய தகடுகள் பல கொண்ட மின்கலவடுக்கு ஏற்றது. பின்னதற்குத் தடித்த தகடுகள் கொண்டது ஏற்றது. இரண்டையும் ஒரே அடுக்கிலிருந்து பெறுபவன், இரவில் விளக்கெரித்துக் காலையில் எந்திரம் கிளம்பாது நிற்பான். இதனாலேயே அனுபவமுள்ள மாலுமிகள் கிளப்புதற்கென ஓரடுக்கைத் தனியே ஒதுக்கி வைப்பர். குளிரில் மின்கலத்தின் வலு குன்றும். அதே குளிரில் எந்திர எண்ணெய் தடிக்கும். தென்சமுத்திரத்திலே இவ்விரண்டும் ஒருங்கே நேர்வன. பழைய எந்திரங்கள் பலவற்றில் இறுக்கத்தைத் தளர்த்தும் நெம்புகோலும் கைபிடியும் இருந்தமை உண்மையே. ஆயினும் புரண்டாடும் ஒடுங்கிய அறையிலே கைபிடியைச் சுழற்றுவது எளிதன்று.

இலண்டன் சண்டே ரைம்ஸ் பத்திரிகை 1968இல் அறிவித்த போட்டியில், எத்துறையிலும் தங்காது தனித்து உலகைச் சுற்ற ஒன்பதின்மர் புறப்பட்டனர். அவர்களுள் ரொபின் நொக்ஸ் ஜோன்ஸ்ரன் கொண்டுசென்ற 'சுஹைலி' பம்பாயிலே தேக்கு மரத்தாற் கட்டப்பட்ட 32 அடிக் கலம். பாரசீகக் குடாவின் தென்கீழ்க் காற்றுக்கு அராபிய மாலுமிகள் வழங்கும் பெயரே அது. அராபியர் சுஹைல் என அழைக்கும் விண்மீன் நம்மவர் அகத்தியர் எனக் கண்ட விண்மீனே என்பதை இடையிற் குறிப்பிடலாம்.

1968 யூன் 14இல் பால்மத் துறையினின்றும் புறப்பட்ட அவருக்கு மின்சாரம் தொடக்கத்திலேயே தொல்லை தந்தது. மின்னேற்றும் சிறு எந்திரம் இயங்க மறுத்தது. தீப்பொறி முனைகளின் இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் 12 முதல் 15 பங்குக்குள் அமைக்கவேண்டும். அளக்கும் கருவியோ கலத்தில் இல்லை. அவர் தம்மிடமிருந்த ஏட்டின் பக்கங்களை எண்ணினார். ஓரங்குலத் தடிப்பில் 200 தாள்; எனவே ஒரு தாள் ஆயிரத்தில் 5 பங்கு. மூன்று தாள்களை இடையிற் செருகி முனைகளைச் செப்பஞ்செய்தார். பின்னர் தென்சமுத்திரத்திலே மின்கலங்களைச் சோதிக்கும்போது கலம் சரிந்து அமிலம் கண்ணிலே தெறித்தது. கண்ணைக் கழுவிவிட்டு, டர்பன் துறைக்குத் திரும்புவதா என எண்ணி, ஈற்றில் முன்செல்லவே துணிந்தார். ஏறத்தாழ இரண்டரை மாதத்தில் வானொலியின் ஒலிபரப்பும் பகுதி பழுதுற்றது. நவம்பரில் நியூசிலாந்தின் ஒற்றாகோக் கரையைக் கடந்தபின், 1969 ஏப்பிரல் 6இல் அத்திலாந்திக்கிலே 'மொபில் அக்மே' என்னும் எண்ணெய்க் கப்பல் அவரைக் காணும்வரை அவரைப்பற்றி எச்செய்தியும் இல்லை. ஏப்பிரல் 22இல், 312ஆம் நாளில், பால்மத்தை அடைந்தார்.

டொனால்ட் குரோகேர்ஸ்றின் கதை வேறு. இவர் மின்னணுக் கருவி செய்பவர். தம் மூவுடற் கலத்திற்கு 'ரீன்மத் எலெக்ரோன்' எனப் பெயரிட்டார். 1968 ஒற்றோபர் 31இல் அவசரமாகப் புறப்பட்ட அக்கலத்திலே, மின்பிறப்பாக்கி இருந்த அறையின் மூடி ஒழுகியது. நவம்பரிலே கடல்நீர் புகுந்து மின்பிறப்பாக்கியை நனைத்தது. மின்சாரமின்றி வானொலியில்லை, விளக்கில்லை. நவம்பர் 15ஆம் நாள் தம் ஏட்டிலே, திரும்புவதா தொடர்வதா என்பதை நேர்மையாகவே ஆராய்ந்துள்ளார். மின்பிறப்பாக்கியை அவர் மீண்டும் இயக்கினார். திசெம்பரிலிருந்து, தாம் செல்லாத தூரங்களைச் சென்றதாக அதன் வலுவாலேயே அறிவிக்கலானார். சனவரியில் வானொலியை நிறுத்தியபோது அவர் கூறிய காரணமும் மின்பிறப்பாக்கியின் மூடியே. நவம்பரில் உண்மையாயிருந்த பழுது சனவரியில் மறைப்பாகப் பயன்பட்டது. இவ்விரு செய்திகளையும் பிரித்தறியாத அக்காலப் பத்திரிகைகள், ஒற்றாகோவுக்குப் பின் மௌனமான சுஹைலி மூழ்கியதோ என ஐயுற்றிருந்த அதே வேளையில், குரோகேர்ஸ்றின் வேகத்தைப் புகழ்ந்தன.

அவ்வறிவிப்புகளின் விலையை இன்னொருவர் கொடுத்தார். பின்னால் குரோகேர்ஸ்ற் விரைந்து வருவதாக நம்பிய நைஜல் ரெற்லி, ஏற்கெனவே சிதைந்திருந்த தம் 'விக்ரெஸ்' கலத்தை அளவுமீறி ஓட்டினார். 1969 மே 21இல் அது அசோரஸ் தீவுகளுக்கு அண்மையில் மூழ்கியது, அவர் உயிர்தப்பினார். வெற்றி கைக்கெட்டியதும் குரோகேர்ஸ்றுக்குத் தம் ஏடுகள் சோதிக்கப்படும் என்னும் அச்சம் வந்தது. அவரது இறுதிக் குறிப்பு யூலை 1ஆம் நாளுக்குரியது. யூலை 10இல் 'பிக்காடி' என்னும் அஞ்சற்கப்பல் ஆளற்ற கலத்தைக் கண்டபோது, அறையிலே ஏடுகள் இருந்தன. அவற்றுடன் கழற்றப்பட்ட வானொலியின் பகுதிகளும் கம்பிகளும் பரந்து கிடந்தன. விரைவுக்குரிய 5,000 பவுண் பரிசும் நொக்ஸ் ஜோன்ஸ்ரனுக்கே உரியதாயிற்று. அதனை அவர் குரோகேர்ஸ்றின் குடும்பத்திற்கு அளித்தார்.