சுழலும் அணுக்கரு

வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழாவிலே பம்பரம் வாங்கிய சிறுவன் அதனை எத்துணை விரைவாகச் சுழற்றினும் பம்பரத்தின் மரம் மரமாகவே இருக்கும். அணுவின் நடுவே அமைந்த கரு அத்தகையதன்று. விரைந்து சுழலுந்தோறும் அதன் உள்ளமைப்பே மாறுகின்றது. இதனை உலகம் அறிந்துகொண்ட வரலாறு மிகப் பழையதன்று.

கருவினுள் இருக்கும் புரோத்தன்களும் நியூத்திரன்களும் தத்தமக்குரிய ஒழுக்குகளில் இயங்குகின்றன என்பதை 1949ஆம் ஆண்டில் மரியா மேயர் அம்மையாரும் ஜென்சனும் தனித்தனியே நிறுவினர். அடுத்த ஆண்டில் அமெரிக்க அறிஞர் ரெயின்வாட்டர், வெளியொழுக்கிற் செல்லும் துணிக்கைகள் கருவை நீள்வட்டமாக இழுத்துவிடக்கூடும் என்றார். உருண்டையான கரு சுழன்றாலும் சுழற்சி புலப்படாது. நீண்ட கருவாயின் புலப்படும். கொப்பன்ஹேகன் நகரில் ஓகே போரும் மொட்டல்சனும் இதனை விரித்துரைத்தனர். சுழலும் கரு படிப்படியாக வேகங் குறையும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு காமாக் கதிரை உமிழும். அப்படிகளின் வரிசையே சுழற்சிப் பட்டை. மூவருக்கும் 1975இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஓகே போரின் தந்தையார், புகழ்பெற்ற நீல்ஸ் போர், 1960இல் சென்னைக்கு வந்து அல்லாடி இராமகிருஷ்ணனின் இல்லத்தில் இளம் ஆய்வாளரைச் சந்தித்தார். அச்சந்திப்பு 1962இல் சென்னையில் கணித விஞ்ஞான நிலையம் எழுவதற்குத் துணைநின்றது. அதே 1960இல் மொட்டல்சனும் வலத்தினும் ஓர் எதிர்வுகூறலை வெளியிட்டனர். கருவினுள் துணிக்கைகள் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து எதிரெதிர்த் திசைகளில் இயங்குகின்றன; சுழற்சி மிகுந்தால் அச்சோடிகள் குலைந்துவிடும் என்பதே அது.

பதினோராண்டுகள் சென்றன. 1971இல் ஸ்டொக்ஹோமில் ஜோன்சன், ரைட் முதலியோர் டிஸ்ப்ரோசியம் 160 என்னும் கருவை ஆராய்ந்தனர். படி உயர உயரக் காமாக் கதிரின் சத்தி கூடிக்கொண்டே போதல் வேண்டும். ஓரிடம் வரை அவ்வாறே கூடிற்று. பின்னர் குறைந்தது! கோண உந்தம் மிகுந்தும் சுழற்சி தணிந்தது. கணக்கிற் பிழையோ என்று எவரும் ஐயுறத்தக்க இந்த மடிப்புத்தான் புதிய துறையொன்றைத் திறந்தது.

கும்மியடிக்கும் வட்டத்தைக் கருதிப் பாருங்கள். வட்டத்துள் இருவர் எதிரெதிராகச் சுற்றுகின்றனர். வட்டம் முழுவதும் விரைந்து சுழலவே, எதிர்த்திசையிற் செல்பவரும் திரும்பி வட்டத்தோடு செல்ல நேர்கின்றது. இருவரும் தம் பங்கைத் தருவதால் மற்றையோர் சற்று மெதுவாக ஆடினும் மொத்தக் கணக்கு நிறைவாகும். அமெரிக்காவின் ஸ்டீவன்சும் சைமனும் 1972இல் தந்த விளக்கத்தின் சாரம் இதுவே. டிஸ்ப்ரோசியத்தில் அவ்விதம் திரும்பியது நியூத்திரன் சோடி. 1977இல் எர்பியம் 158இல் இரண்டாவது மடிப்பொன்றும் காணப்பட்டது. அதற்குக் காரணம் புரோத்தன் சோடி என அறியப்பட்டது.

திரும்பியது எதன் சோடி என்று அறியும் வழி நயமானது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் புரோத்தன்களைக் கொண்ட அயற்கருவை எடுத்துக்கொள்வர். அங்கே அதே ஒழுக்கிற் புரோத்தன் ஒன்று முன்னரே தனியே அமர்ந்திருப்பின், சோடிக்கு இடமிராது, மடிப்பு தள்ளிப்போகும். தள்ளிப்போகவில்லையாயின் குற்றவாளி நியூத்திரனே. துப்பறிவோன் வேலைதான் இது!

பாரதத்திலும் இவ்வேலை நடைபெறுகின்றது. மும்பாயில் 1988இலும், புதுதில்லியில் 1990களின் தொடக்கத்திலும் பெலட்ரோன் வேகவளர்த்திகள் இயங்கத் தொடங்கின. கனமான அயன்களை ஓர் உலோகத் தகட்டின்மீது மோதவிட, கருக்கள் இணைந்து ஒரு செக்கனில் ஏறத்தாழ 1ஐத் தொடர்ந்து 20 பூச்சியங்கள் இட்ட அளவிற் சுழல்கின்றன. உமிழப்படும் காமாக் கதிர்களை அளக்க, நான்கு ஜேர்மானியப் பளிங்குகளை ஒருங்கே அமைத்த கருவிகள் 24 வரை வட்டமாக நிறுத்தப்படுகின்றன. திரவ நைதரசனாற் குளிரூட்டப்படும் இவ்வணியை மும்பாயும் தில்லியும் கொல்கத்தாவும் மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. ஒரு நாடு முழுவதற்கும் ஒரே கருவி. முறைவைத்து வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். பேரியம், சீரியம் போன்ற கருக்களில் முதலிலே திரும்புவது பெரும்பாலும் புரோத்தன் சோடியாதலால், அவை அங்கே நெடுநாளாக ஆராயப்பட்டு வருகின்றன.