திரையில் வானவர் தூது

லாபிஸ், குளுவாங் வட்டாரத் தோட்டத் திடல்களில் வெள்ளைத் துணி கட்டிப் புராணப் படம் காட்டிய நாள்களில், தம்பூரா ஒலி கேட்டதுமே நாரதர் வருகிறார் என்று சிறுவரும் அறிந்துகொள்வர். ஜொகூரின் இன்றைய சிறுவருக்கோ சிறகு விரித்த உருவமே வானவர். இம்மாற்றம் எங்ஙனம் நேர்ந்தது என்பது ஆராயத்தக்கது.

வானவரைக் கிறித்தவத் தமிழர் தேவதூதர் என்றும் சம்மனசு என்றும் வழங்குவர்; இசுலாமியத் தமிழர் மலக்கு என்பர்; மலாய்க்காரர் மலாயிக்கத் என்பர். எபிரேயத்தில் 'மலாக்' என்பதற்கும் கிரேக்கத்தில் 'அங்கெலோஸ்' என்பதற்கும் தூதர் என்பதே பொருள். உரோமாபுரியின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறை ஓவியத்தில் வானதூதருக்குச் சிறகே இல்லை. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான், வெற்றித் தெய்வத்தின் சாயலில், கிறித்தவ ஓவியர் அவருக்குச் சிறகு வைத்தனர். ஆதலின் சிறகு அணி; தூதே இலக்கணம்.

அவ்விலக்கணம் தமிழ்த் திரையில் நாரதருக்கே பொருந்தும். 1934இல் வெளிவந்த 'பாமா விஜய'த்தில் ஜி. என். பாலசுப்பிரமணியம் நாரதராகத் தோன்றினார். 1941இல் 'சாவித்திரி'யில் எம். எஸ். சுப்புலட்சுமி அவ்வேடம் பூண்டார். 'கல்கி' இதழைத் தொடங்கப் பொருள் வேண்டியே அவர் அதில் நடித்தார் என்பது பலரும் அறிந்தது. ஆண் வேடத்தில் பெண் தோன்றியதை மக்கள் ஏற்றது ஏன்? நடிப்பவரே பாடவேண்டிய காலம் அது, குரல்தான் நாரதர். சத்தியவான் ஓராண்டே வாழ்வான் என்னும் கொடிய செய்தியைக் கூறுவதும் அக்கதையில் நாரதர் கடமையே. உயிருக்கு இறுதி வரினும் சொல்லவேண்டியதைச் சொல்பவனே தூதன் என்னும் வள்ளுவர் கருத்தை ஈண்டு நினைக்கலாம்.

அதே 1941இல் அமெரிக்காவில் 'ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டன்' வெளிவந்தது. குத்துச்சண்டை வீரன் ஒருவனின் உயிரை, காலம் வருமுன்னரே வானதூதர் அவசரப்பட்டுக் கொண்டுபோய்விடுகிறார். 1946இல் பிராங்க் காப்ரா இயக்கிய 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்திலோ தூதர் சிறகற்ற முதியவர். தற்கொலைக்குத் துணிந்தவனைக் காத்த பிறகே சிறகு பெறுகிறார். தொண்டு முந்தியது, சிறகு பிந்தியது!

பின்னணிப் பாடல் வழக்கம் வேரூன்றியபின் நாரதர் வேடம் பாடகரிடமிருந்து நடிகரிடம் சென்றது. 1966இல் ஏ. பி. நாகராசனின் 'சரசுவதி சபத'த்தில் சிவாஜி கணேசன் நாரதர். பாடும் குரல் டி. எம். சௌந்தரராசனுடையது. கல்வி, செல்வம், வீரம் மூன்றில் எது பெரிது என்று அவர் மூட்டும் பூசல், மூன்றும் வேண்டும் என்னும் தெளிவில் முடிகிறது. அங்கே கலகமும் தூதே.

பின்வந்த படங்களில் நகைச்சுவை மேலோங்கியது. 'யமனுக்கு யமன்' (1980), 'அதிசயப் பிறவி' (1990) ஆகியவற்றில் விண்ணுலகம் தவறு செய்யும் அலுவலகமாயிற்று. சிரிப்பில் குற்றமில்லை, ஆயினும், கொண்டுவரும் செய்தி மறைந்து கோமாளித்தனமே எஞ்சினால் இழப்பு நம்முடையதே. இந்நாட்டில் 1963 திசம்பர் 28இல் தொடங்கிய தொலைக்காட்சி, திடலில் கண்ட திரையை வீட்டுக்குள் கொணர்ந்தது. அயல்நாட்டுச் சிறகும் அதன்வழியே வீடு புகுந்தது.

'நோவா' என்னும் ஆங்கிலப் படத்தை மலேசியத் தணிக்கை வாரியம் 2014இல் தடை செய்தது. இறைத்தூதரை உருவில் காட்டலாகாது என்பது இசுலாமிய நெறி. காட்டாமையும் ஒரு மதிப்பே. காட்டும் மரபினராகிய தமிழருக்கோ பொறுப்பு இன்னும் மிகுதி. கோள் சொல்வதை 'நாரதர் வேலை' என்று மாணவன் கூறும்போது, தூது என்னும் சொல்லின் பெருமையை ஆசிரியர் எடுத்துரைத்தல் வேண்டும். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாருக்கும் சிறகில்லை; சொல்தான் இருந்தது.