மனைக்கட்டு யாருடையது?

புள்ளலூர் என்றதும் 1780 போரைத்தான் சொல்வார்கள்: ஐதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்த ஊர். மறு ஆண்டுப் போரில் மாண்ட ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அங்கே நினைவுத்தூண் நிற்கிறது. அதே செங்கல்பட்டுச் சீமையில் உழுது நட்ட நம் முன்னோருக்கோ, குடிசை போட்ட மண்கூடச் சொந்தமில்லை.

1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதினார். சேரி மனைகள் மிராசுதாரர் பிடியில் இருந்ததையும், அதைக் காட்டியே மக்கள் வெளியேற்றப்பட முடிந்ததையும் அதில் பதிவு செய்தார். 1892 பஞ்சமி நில அரசாணைக்கு வழிவகுத்தது இந்த அறிக்கைதான். பஞ்சமி நிலத்தைப் பேசும் நாம் மனைக்கட்டைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

நாளைக்கே காலி செய் என்றால் கிளம்ப வேண்டியவர் செங்கல் சுவர் வைப்பாரா? தனி அடுப்படியும் திண்ணையும் திட்டமிடுவாரா? மண்சுவரும் ஓலையும்தான். 'இவங்களுக்கு வீடு கட்டத் தெரியாது' என்பவர்கள், தங்கள் வீட்டுக்கு மண் சுமந்தது யார் என்று கேட்டுக்கொள்வதில்லை.

விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971-ல்தான் வந்தது. பிறகு வந்த அரசு வீடுகளுக்கு அளவை மேலிருந்தே வகுத்தார்கள்: இந்திரா நினைவுக் குடியிருப்பு 20 சதுர மீட்டர், 2016 முதல் பிரதமர் திட்டத்தில் 25. தமிழக அரசின் பசுமை வீடு 300 சதுர அடி. நெல் மூட்டை எங்கே, ஆடு எங்கே, மகள் படிக்க மூலை எங்கே? காலனிகளில் நாங்கள் உட்கார்ந்து பேசும்போது பெண்கள் முதலில் கேட்பது இதைத்தான். வீட்டுக்கு வரைபடம் போடப்போகும் தோழர்கள் முதலில் பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். அடுத்து அடுப்பு எந்தப் பக்கம் என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள்.