செல்போனுக்குள் வந்த திருடன்: ஒரு சிறு வரலாறு

தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலில் கையில் செல்போன் இல்லாத ஆளைக் காண்பது அரிது. பேங்க் கணக்கு, ஆதார், குடும்பப் படங்கள் எல்லாமே அதற்குள்தான். அப்புறம் திருடன் அங்கே வராமல் இருப்பானா? அவன் உள்ளே வந்த கதைக்கு இருபது வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு நண்பர்களே!

முதல் ஆள் 'கேபிர்'. 2004 ஜூனில் வெளிப்பட்டு, சிம்பியன் போன்களில் ப்ளூடூத் வழியாகப் பரவியது. பேட்டரியைத் தின்றதைத் தவிர பெரிய சேதம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: போன் வைத்திருப்பவர் 'சரி' என்று அழுத்தினால்தான் அது உள்ளே வர முடியும்.

2010 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டில் வந்தது 'ஃபேக்பிளேயர்'. வீடியோ பார்க்கும் செயலி என்று வேடமிட்டு, ரஷ்யாவில் கட்டண எண்களுக்கு ரகசியமாக எஸ்.எம்.எஸ். அனுப்பிக் காசைக் கரைத்தது. அதுவும் அனுமதி கேட்டுத்தான் நுழைந்தது.

2019-இல் கண்டுபிடிக்கப்பட்ட 'ஏஜென்ட் ஸ்மித்' போனில் இருந்த நல்ல செயலிகளையே போலியாக மாற்றி விளம்பரம் காட்டியது. செக் பாயிண்ட் நிறுவனத்தின் கணக்குப்படி சிக்கிய சுமார் 2.5 கோடி போன்களில் 1.5 கோடி இந்தியாவில்!

அடுத்து வந்ததுதான் கொடுமை. 2020 ஊரடங்கில் வருமானம் இழந்தவர்களுக்கு உடனடிக் கடன் தருவதாகப் பல செயலிகள் கிளம்பின. இவற்றுக்கு வைரஸே தேவைப்படவில்லை. போனில் உள்ள எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி வாங்கின. தவணை தவறினால் உறவினர்களுக்குப் போன் போட்டு அவமானப்படுத்தின. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 2021 ஜனவரியில் சென்னை மத்திய குற்றப்பிரிவு போலீசார் இவ்வழக்கில் இரு சீனர்கள் உட்பட சிலரைக் கைது செய்தனர். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் வாடிக்கையாளரின் தொடர்பு எண்களையும் கோப்புகளையும் தொடக்கூடாது என்று விதி போட்டது.

இப்போது கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு வருகிறது. திறந்து அனுமதி கொடுத்தால் ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். திருடனுக்குப் போய்விடும்.

கேபிர் முதல் கல்யாணப் பத்திரிகை வரை, பெரும்பாலும் கதவைத் திறந்துவிட்டது போன்காரரின் விரல்தான். டார்ச் லைட் செயலிக்கு எதற்கு உங்கள் எஸ்.எம்.எஸ்.? கேட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.