1991இல் பிறந்த இரண்டு ஹெட்போன்கள்

முதல் பகுதிநேர வேலையில் சேர்த்த காசோடு ஹெட்போன் வாங்கப் போனேன். ஆயிரம் டாலருக்கு மேல் விலை போட்டிருந்த ஒன்றைக் கடையில் மாட்டிக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டேன். வயலினில் வில் உரசுவதுகூடக் கேட்டது. கையில் இருந்த காசு முழுவதும் போய்விடும் என்பதால் மட்டும், யோசித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன். அன்றிரவுதான் இந்தப் பொருளின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினேன்.

ஹெட்போன் முதலில் பாட்டுக் கேட்கும் பொருளே இல்லை, வேலைக் கருவி. அமெரிக்காவின் யூட்டாவில் நத்தானியேல் பால்ட்வின் 1910இல் கடற்படைக்காகச் செய்த ஹெட்போன்கள் அவருடைய வீட்டுச் சமையலறையில் உருவானவை. ஸ்டீரியோ இசைக்கென்று ஒன்றை ஜான் காஸ் 1958இல்தான் கொண்டுவந்தார். 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் எச்டி 414 வந்தது. மஞ்சள் பஞ்சு வைத்த அது, பின்பக்கம் மூடாத 'திறந்த' வகை. ஒலி ஓர் அறையில் பரவுவது போல இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். இன்றைய விலை உயர்ந்த மாடல்கள் பலவும் இந்த வகைதான். நான் கடையில் மயங்கியதும் அதில்தான்.

பிறகு 1991. அந்த ஆண்டு சென்ஹைசர் 'ஆர்ஃபியஸ்' என்றொரு ஹெட்போனை வெளியிட்டது. உயர் மின்னழுத்தத்தில் அசையும் மெல்லிய படலம், அதற்கென்றே செய்த வால்வு ஆம்ப்ளிஃபையர், விலை பத்தாயிரம் டாலருக்கு மேல். செய்ததே சுமார் 300தான்.

அதே ஆண்டு சோனி எம்டிஆர்-7506 வந்தது. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான மூடிய வகை, மடித்துப் பையில் போடலாம். மின்தடை 63 ஓம் மட்டுமே என்பதால் தனி ஆம்ப்ளிஃபையர் தேவையில்லை. (போனில் துளையே இல்லையே என்பீர்கள். சின்ன அடாப்டர் ஒன்று வேண்டும்.) இன்றும் விற்கிறார்கள், நூறு அமெரிக்க டாலரை ஒட்டிய விலையில்.

நான் எங்கே இருந்து பாட்டுக் கேட்கிறேன்? பஸ்ஸில். நூலகத்தில். இரவில், தங்கச்சி தூங்குகிற அதே அறையில். திறந்த வகையை அங்கே போட்டால் இரண்டாம் நாளே சண்டை வரும்.

7506ஐ வாங்கினேன். குறை இல்லாமல் இல்லை. உயர்ந்த சுரங்கள் கொஞ்சம் கூர்மையாகக் குத்தும். சுருள் வயரைக் கழற்ற முடியாது, அது கனம் வேறு. காதுறையின் கறுப்புத் தோல் உரிந்து கன்னத்தில் ஒட்டியபோது புது உறை வாங்கி நானே மாட்டினேன். கடையில் கேட்ட அந்த வில் உரசல் இதில் அவ்வளவு கிட்டத்தில் கேட்பதில்லை. அது இன்னும் நினைவில் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது தங்கச்சி அதைக் கீபோர்டில் செருகி இரவில் பயிற்சி செய்கிறாள். எனக்கு வேண்டுமென்றால் அவள் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.