நீலப் பம்பும் மண்ணிறப் பம்பும்

யாழ்ப்பாணத்தில் ஆஸ்துமாவுக்குத் தொய்வு என்று பெயர். மூச்சு ஏறினால் முட்டு என்பார்கள். தமிழகத்தில் இழுப்பு, இளைப்பு. ஆஸ்துமா என்ற கிரேக்கச் சொல்லுக்கும் மூச்சிரைப்பு என்பதே பொருள். எல்லாமே வெளியே நின்று கேட்டவர்கள் வைத்த பெயர்கள். உள்ளே, மூச்சுக்குழாயின் சவ்வில் இருக்கும் உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று என்ன சொல்லிக்கொள்கின்றன என்பதைக் கேட்க மருத்துவத்துக்கு நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையில் ஒரு பங்கு நான் வாழும் டென்மார்க்கிலும், கடலுக்கு அக்கரையில் உள்ள சுவீடனிலும் நடந்தது.

இங்குள்ள தமிழ் வீடுகளில் தொய்வுக்காரர் இருந்தால் பெரும்பாலும் இரண்டு பம்புகள் இருக்கும். நீலம் உடனே மூச்சைத் திறக்கும். அதை எல்லோரும் நம்புகிறார்கள். மண்ணிறத்தை நாள்தோறும் இழுக்கவேண்டும். இழுத்தாலும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அதில் ஸ்டீரொய்ட் இருக்கிறதாம், பழகினால் விடாதாம். அதனால் அது லாச்சிக்குள் போய்விடுகிறது. இதை வெறும் அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பம்புகளும் இந்த நோயைப் பற்றிய இரண்டு வெவ்வேறு கருத்துகளிலிருந்து வந்தவை. எங்கள் ஆட்கள் பழையதை ஏற்றுக்கொண்டார்கள், புதியதை இன்னும் யாரும் அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பழைய கருத்தின் முக்கியமான ஆள் லண்டன் மருத்துவர் ஹென்றி ஹைட் சால்டர். அவரும் ஆஸ்துமாக்காரர். 1860இல் அவர் வெளியிட்ட நூல் இந்நோயை நரம்புக் கோளாறு என்றது: நரம்பு தூண்டப்படுகிறது, குழாயைச் சுற்றிய தசை இறுகுகிறது, மூச்சு அடைக்கிறது. பூனை அருகில் வந்தால் தனக்கு மூச்சு முட்டுவதைக் கவனித்து எழுதியவர் அவர். ஆனால் அதையும் நரம்பின் கணக்கிலேயே சேர்த்தார். அவர் பரிந்துரைத்த மருந்துகளில் ஒன்று கடுங்கோப்பி. அது ஓரளவு வேலையும் செய்யும். கஃபீனும் பின்னாளில் வந்த தியோபிலின் மாத்திரையும் நெருங்கிய உறவு. தசையைத் தளர்த்தும் இந்த வழியின் சிறந்த பலன் 1969இல் சல்பியூட்டமோல் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. நீலப் பம்பு அதுதான்.

நரம்புக் கோளாறு என்ற சொல்லுக்கு இன்னொரு வாரிசும் பிறந்தது. நரம்பு என்றால் அடுத்தது மனம், மனம் என்றால் அடுத்தது தாய். 1940களில் சிக்காகோவின் உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டரும் அவரது குழுவினரும், ஆஸ்துமாவைத் தாயை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தோடு இணைத்து, அடக்கிவைத்த அழுகையே மூச்சிரைப்பாக வருகிறது என்றார்கள். மறே பெஷ்கின் என்ற நியூயோர்க் மருத்துவர் இதை ஒரு சிகிச்சையாகவே ஆக்கினார். குடலை வெட்டுவதற்கு, உள்நாக்கை வெட்டுவதற்கு எல்லாம் மருத்துவத்தில் பெயர் இருப்பதுபோல, பிள்ளையிடமிருந்து பெற்றோரை வெட்டி அகற்றுவதற்கும் ஒரு பெயர் உருவானது. அமெரிக்காவின் டென்வர் நகரில், ஆஸ்துமாப் பிள்ளைகளுக்கான யூத தேசிய இல்லத்தில், பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து மாதக்கணக்கில், சிலர் இரண்டு ஆண்டுகள்வரை தங்கினார்கள்.

பலருக்குச் சுகமும் வந்தது. சிக்கல் அங்கேதான். டென்வர் உயரமான, உலர்ந்த ஊர். மெத்தைத் தூசியில் வாழும் நுண்ணுண்ணிகள் அங்கே பிழைப்பது கடினம். அந்த உண்ணிதான் வீட்டுத்தூசி ஒவ்வாமையின் மூலம் என்று நெதர்லாந்தின் லெய்டனில் 1964இல்தான் கண்டுபிடித்தார்கள். பிள்ளை விட்டுப் பிரிந்தது தாயை மட்டுமல்ல, படுத்த மெத்தையையும். ஆனால் குற்றப்பத்திரம் தாயின் பெயரில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. தலைமுழுக வார்த்தாய், ஐஸ்கிறீம் கொடுத்தாய், குளிருக்குள் கொண்டுபோனாய் என்று எங்கள் வீடுகளில் கேட்கும் வழக்கு சிக்காகோவில் பிறந்ததல்ல. எதிரி மட்டும் ஒரே ஆள்தான்.

அந்த டென்வர் இல்லம் பின்னர் ஆராய்ச்சி நிலையமாகவும் வளர்ந்தது. அங்கே வேலைக்கு வந்த ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே இஷிசாக்காவும் தெருக்கோ இஷிசாக்காவும் 1966இல் ஒவ்வாமையைச் சுமக்கும் எதிர்ப்புரதத்தை அடையாளம் கண்டார்கள். சுவீடனின் உப்சாலாவில் யொஹான்சனும் பென்னிச்சும் அதையே வேறு வழியாக வந்தடைந்தார்கள். 1968இல் அதற்கு ஐஜிஈ என்று பெயரிடப்பட்டது. பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்த அதே நிறுவனத்தில், காரணம் தாயல்ல, இரத்தத்தில் சுற்றும் ஒரு புரதம் என்பதற்கான சான்று கிடைத்தது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதுவே.

இதற்குப்பின் கவனம் தசையிலிருந்து அழற்சிக்கு மாறியது. போல் ஏர்லிக் 1878லும் 1879லும் சாயமிட்டுக் காட்டிய மாஸ்ட் அணுவும் ஈயோசினோஃபிலும் நடுமேடைக்கு வந்தன. ஐஜிஈ ஒட்டிக்கொண்டிருக்கும் மாஸ்ட் அணு மகரந்தத்தையோ தூசியையோ சந்தித்தால் ஹிஸ்டமினையும் லியூக்கோட்ரையீன்களையும் கொட்டுகிறது. தசை இறுகுவது அதன் விளைவு. குழாய் வீங்கிச் சளி நிறைவது அடுத்த விளைவு, அதை நீலப் பம்பு தொடுவதேயில்லை. 1972இல் உள்ளிழுக்கும் ஸ்டீரொய்ட் வந்தது. பின்னர் கொப்பன்ஹேகனுக்கு நேர் எதிரே, சுவீடனின் லுண்ட் நகர ஆய்வகத்திலிருந்து புடெசொனைட் வந்தது. மண்ணிறப் பம்பின் வேலை மூச்சைத் திறப்பதல்ல. உள்ளே நடக்கும் கலவரத்தை அடக்குவது.

கலவரத்தை ஆரம்பிப்பது யார்? குழாயின் உட்பக்கத்தை மூடியிருக்கும் மேலணுக்களை வெறும் சுவர் என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். 2002இல் வந்த ஓர் ஆய்வு, அந்தச் சுவர் டிஎஸ்எல்பி என்ற புரதத்தைச் சுரந்து, காவல் அணுக்களை ஒவ்வாமைப் பக்கம் திருப்பிவிடுகிறது என்று காட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் இன்டர்லூக்கின் 33 சேர்ந்தது. வைரஸ், தூசி, புகை எது சுவரைக் காயப்படுத்தினாலும் சுவர்தான் முதலில் குரல் கொடுக்கிறது. அதைக் கேட்டு மற்றவை கூடுகின்றன. 2007இல் சுவீடனின் கோதன்பேர்க்கில் யான் லொட்வாலின் குழு இன்னொன்றைக் கண்டது: மாஸ்ட் அணுக்கள் மிக நுண்ணிய பைகளில் மரபுச் செய்தியான ஆர்என்ஏயையே பொதிசெய்து மற்ற அணுக்களுக்கு அனுப்புகின்றன. வாங்கிய அணு அதைப் படித்துப் புரதமும் செய்கிறது.

நான் பிழைப்புக்குச் செய்வது தரவுத்தளங்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் வேலை. ஆகவே இதை இணைய வலையமைப்புக்கு ஒப்பிடும் கட்டுரைகளைப் படிக்கும்போது சற்று எரிச்சல் வரும். எங்கள் தொழிலில் செய்திக்கு முகவரி உண்டு. உயிரணு முற்றத்தில் நின்று கூப்பிடுகிறது. காது உள்ளவை கேட்கும். அதே சொல்லுக்கு ஓர் அணு பெருகும், இன்னொன்று சாகும். வலையமைப்பைவிட ஊர்ச் சண்டைதான் பொருத்தமான உவமை.

டென்மார்க் இங்கேதான் வருகிறது. 1998இல் ஹான்ஸ் பிஸ்கார்ட் என்ற குழந்தை மருத்துவர், ஆஸ்துமா உள்ள தாய்மாருக்குப் பிறந்த 411 குழந்தைகளைப் பிறந்த மாதத்திலிருந்தே தொடர்ந்து கவனிக்கும் கொப்சாக் ஆய்வைத் தொடங்கினார். 2007இல் வெளியான முடிவு: ஒரு மாத வயதில் எந்த நோய்க்குறியும் இல்லாமலே தொண்டையில் குறிப்பிட்ட பக்ரீரியாக்கள் குடியேறியிருந்த குழந்தைகளில் 33 வீதத்தினருக்கு ஐந்து வயதில் ஆஸ்துமா இருந்தது, மற்றவர்களில் 10 வீதம். பிந்திய பணியில் ஒரு மாதக் குழந்தைகளின் மூக்கில் உறிஞ்சும் மெல்லிய துண்டுகளை வைத்து, சவ்வின் ஈரத்திலுள்ள சமிக்ஞைப் புரதங்களை அளந்தார்கள். பேச்சையே ஒற்றி எடுப்பதுபோன்ற வேலை. ஒவ்வாமை உள்ள தாய்மாரின் குழந்தைகளில் அந்தப் புரதங்களின் அளவு குறைந்திருந்தது. தந்தையின் ஒவ்வாமைக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. மறுபடியும் தாய்! ஆனால் இம்முறை அவர் குற்றவாளிக்கூண்டில் இல்லை. பிள்ளையோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்து போகும் பங்காளி.

அதே குழு 2006இல் வெளியிட்ட இன்னொரு முடிவைப் பலரும் விரும்பவில்லை. மூச்சு இரையும்போதெல்லாம் 294 கைக்குழந்தைகளுக்கு இரண்டு வாரம் ஸ்டீரொய்ட் பம்போ போலிமருந்தோ கொடுத்துப் பார்த்தார்கள். ஆஸ்துமாவாக அது முற்றுவதை மருந்து தடுக்கவில்லை. நாள்தோறும் எடுப்பவருக்கு மண்ணிறப் பம்பு கலவரத்தை அடக்கும். நோய் வேர்விடுவதை இடையிடையே கொடுத்து நிறுத்த முடியாது.

அடுத்த கண்டுபிடிப்பில் என் தொழிலுக்கும் ஒரு சின்னப் பெருமை. டென்மார்க்கில் 1968 முதல் ஒவ்வொருவருக்கும் சிபிஆர் இலக்கம். அகதியாக வந்தவரும் முதலில் வாங்கும் அடையாளம் அதுதான். 1982 முதல், பிறந்த குழந்தையின் குதிக்காலில் குத்தி எடுத்த இரத்தத்துளி காய்ந்த அட்டைகளாகக் கொப்பன்ஹேகனின் அரச சீரம் நிறுவனத்தில் குளிரூட்டிச் சேமிக்கப்படுகிறது. வைத்தியசாலைப் பதிவேட்டில் இரண்டு முதல் ஆறு வயதுக்குள் ஆஸ்துமாவால் பலமுறை அனுமதிக்கப்பட்ட 1,173 பிள்ளைகளைத் தேடி, இலக்கத்தை வைத்து அட்டைகளை எடுத்து, மரபணுக்களைப் படித்தார்கள். 2014இல் சிடிஎச்ஆர்3 என்ற மரபணு வெளிப்பட்டது. அது என்ன செய்கிறது என்று அப்போது தெரியவில்லை. அணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதங்களின் உறவு என்பது மட்டும் தெரியும். மறு ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள்: ரைனோவைரஸ் சி என்ற தடிமன் வைரஸ் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அணுவுக்குள் நுழைகிறது. ஆபத்தான வடிவம் இருந்தால் வைரஸ் பத்து மடங்கு அதிகமாக ஒட்டுகிறது. சாதாரணத் தடிமன் சில பிள்ளைகளை மட்டும் ஏன் நடுச்சாமத்தில் வைத்தியசாலைக்கு ஓடவைக்கிறது என்பதற்கு ஒரு பகுதி விளக்கம் கிடைத்தது.

எண்பதுகளின் நடுவில் தமிழர்கள் டென்மார்க்குக்கு வரத்தொடங்கினார்கள். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளின் இரத்தத்துளிகளும் அந்தக் குளிரறையில் சேர்ந்தன. ஆனால் உலகெங்கும் இத்தகைய மரபணு ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரைக் கொண்டே நடந்திருக்கின்றன. கலப்பு கணக்கைக் குழப்பும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். புள்ளியியல் அளவில் நியாயம். எங்கள் பிள்ளைகளின் மூச்சுக்குழாய் அந்த ஊர்ச்சண்டையை எந்த உச்சரிப்பில் பேசுகிறது என்ற கேள்விக்கு அந்த நியாயம் பதிலாகாது.

சுவரின் குரலையே அடைக்கும் மருந்தும் இப்போது உண்டு. டிஎஸ்எல்பியைப் பிடித்துக்கொள்ளும் டெசெபெலுமாப் ஊசி 2021இல் அமெரிக்காவிலும் மறு ஆண்டு ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. கொப்பன்ஹேகனின் பிஸ்பியர்க் வைத்தியசாலை 40 நோயாளிகளிடம் அதைச் சோதித்த ஆய்வுக்கு வைத்த பெயர் அப்ஸ்ட்ரீம், ஆற்றின் மேல்பக்கம் என்று பொருள். மருந்து பெற்றவர்களின் மூச்சுக்குழாயில் ஈயோசினோஃபில்கள் குறைந்தன. குழாயைச் சீண்டிப் பார்க்க உள்ளிழுக்கும் மனிற்றோல் பொடிக்கு அசையாதவர்களும் அவர்களிடையே அதிகம். ஆனால் இந்த ஊசி கடுமையான ஆஸ்துமாவுக்கு மட்டும், விலையும் அப்படி.

மற்ற எல்லோருக்கும் பம்புதான். 2019இல் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டிக் குழு, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீலத்தை மட்டும் தனியே கொடுப்பதை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. தசையைத் தளர்த்துவதும் ஸ்டீரொய்டும் ஒரே கருவியில் சேர்ந்து வருவதை இப்போது பல வைத்தியர்கள் எழுதிக்கொடுக்கிறார்கள். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை லாச்சிக்குள் வைக்க முடியாது.